மாந்தீவு சொல்லும் சரித்திரம்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பாடும் மீனைப் பற்றியே எழுதினர். நிலாக் கால இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே நீரிலிருந்து எழும் ஒலியை வியந்த பயணிகள் பலர். அதனைத் தம் ஊரின் அடையாளமாகக் கொண்டு பெருமையுறுவோர் இன்றும் பலர். அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதே வாவியினுள்ளே, புளியந்தீவு நகரிலிருந்து படகில் எளிதாகச் சென்றடையத்தக்க தூரத்தில், மாந்தீவு என்னும் சிறு தீவொன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. அங்கு கொண்டுசெல்லப்பட்டோரிற் பலர் அங்கேயே இளமையைக் கழித்தனர். அங்கேயே முதுமை எய்தினர். வாவியின் இசையைப் போற்றிய எழுத்துக்களில் இம்மனிதருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

மாந்தீவின் வரலாற்றை இங்கே நாம் எடுத்துக்கொள்வது பழையன தேடும் ஆவலால் மட்டுமன்று. முற்றாகத் தீர்க்க முடியாத நோயுடன் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் முதியோருக்கு மருத்துவமும் சமுதாயமும் செய்ய வேண்டியது யாது என்பது இன்று நம் நாட்டின் முன் நிற்கும் பெரும் பிரச்சினைகளுள் ஒன்று. நோவு தணிக்கும் பராமரிப்பு என்று இன்று பேசப்படுவது இதுவே. இது மேல்நாட்டிலிருந்து புதிதாக இறக்குமதியான ஒரு துறை என்று எண்ணுவோர் உளர். ஆனால் இப்பிரச்சினை நமது வாவிக்குள்ளேயே பல பத்தாண்டுகளாகத் தீர்வின்றி இருந்துவந்தது. ஒரு மனிதனை வைத்தியசாலையில் வைத்திருப்பது வேறு, அவனைப் பராமரிப்பது வேறு என்ற உண்மையை மாந்தீவின் சரித்திரம் நமக்கு உணர்த்துகிறது.

தொழுநோயாளரை ஒதுக்கி வைக்கும் முறை இலங்கைக்கு மிகப் பழையது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1708இல், கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லம் நிறுவப்பட்டது. பிரித்தானியர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். 1873இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். பாவத்தின் சம்பளமென்றும் பரம்பரைச் சாபமென்றும் கருதப்பட்ட நோய், ஒரு கிருமியினால் விளைவது என்பது நிறுவப்பட்டது. அறிவின் இவ்வெற்றி நோயாளனுக்கு விடுதலையைக் கொண்டுவந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. மருந்து கிடையாத அக்காலத்தில், கிருமி தொற்றும் என்ற செய்தி ஆளுவோரின் அச்சத்தைப் பன்மடங்காக்கியது. 1897இல் பேர்ளினிற் கூடிய சர்வதேச மகாநாடு நோயாளரைத் தனித்து வைத்தலே வழியென்றது. அடுத்த ஆண்டிலேயே இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் பிறந்தது. இலங்கையில் 1901இல் அத்தகைய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

இந்தியச் சட்டத்தின் ஒரு கூறு நம் கவனத்துக்குரியது. பிடித்து அடைக்கும் அதிகாரத்தை அது முதன்மையாக வறிய நோயாளர்மீதே, தெருவில் இரந்துண்போர்மீதே, செலுத்தியது. வசதி படைத்தவன் தன் மாளிகையின் பின்னறையில் மறைந்து வாழலாம். வறியவனுக்கு அடைக்கலசாலைதான் கதி. கிருமிக்கு வர்க்கபேதம் தெரியாது. சட்டத்துக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

அக்காலத்து ஆட்சிகளுக்குத் தீவுகள் பெரிதும் உகந்தனவாக இருந்தன. ஹவாயின் மொலோக்காய்த் தீவில் 1866 முதலும், பிலிப்பைன்சின் கூலியன் தீவில் 1906 முதலும், கொரியாவின் சொரொக் தீவில் 1916 முதலும் தொழுநோயாளர் குடியேற்றப்பட்டனர். கடலோ வாவியோ சூழ்ந்த இடத்தில் மதில் எழுப்பும் செலவில்லை. காவலாளிகளும் அதிகம் தேவையில்லை. மாந்தீவும் இவ்வரிசையிற் சேர்ந்ததே. மண்முனைத் துறையிற் 'பாதை'யில் ஏறி எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் போய்வந்த மக்களுக்கு வாவி ஒரு வழியாக இருந்தது. மாந்தீவில் இருந்தோருக்கு அதே வாவி சிறைச்சுவராயிற்று.

இதற்கான பழி முழுவதையும் அந்நிய ஆட்சியின் தலையிற் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்ள இயலாது. சட்டம் வெள்ளையருடையது, அருவருப்பு நம்முடையது. முற்பிறப்பின் வினை என்றும், பெருவியாதி என்றும் பெயர் சூட்டி, நோயாளனைப் பந்தியிலிருந்தும் கோயில் வீதியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் விலக்கி வைத்தது நமது சமுதாயமே. தீண்டாமையைக் குலதர்மமாகக் கொண்டிருந்த சமுதாயத்துக்கு நோயின் பெயரால் இன்னொரு தீண்டாமையைப் படைப்பது கடினமாக இருக்கவில்லை.

அத்தகைய இல்லங்களில் தொண்டுள்ளம் கொண்ட மருத்துவரும் தாதியரும் துறவியரும் பணியாற்றியதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். ஆனால் தனிமனிதரின் தொண்டு வேறு, நிறுவனத்தின் நோக்கம் வேறு. வெளியிலிருப்போரைக் காப்பதே நிறுவனத்தின் நோக்கம். உள்ளிருப்போரின் வாழ்வு அதற்கு இரண்டாம்பட்சமே. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களாக நோயாளனையும், மருத்துவனையும், மருந்தையும், அருகிருந்து பணிசெய்வோனையும் வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். நோயாளனே முதலில் நிற்கிறான். பணியாளனும் மருத்துவனோடு ஒக்க எண்ணப்படுகிறான். மருந்து இல்லாத காலத்திலும் மற்ற மூன்றும் இருந்தன. மருந்தில்லை என்பதனாலேயே நோயாளனைக் கைவிட வேண்டியதில்லை.

பின்னர் மருந்தும் வந்தது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து பயன் தந்தது. 1940களின் பிற்பகுதியில், செங்கற்பட்டை அடுத்த திருமணி மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் கொக்ரேன் அவ்வகையைச் சேர்ந்த டாப்சோனை நோயாளருக்கு அளித்து வெற்றி கண்டார். அதே காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் போல் பிராண்ட், விரல்களும் பாதங்களும் அழிவது சதை தானாக அழுகுவதனால் அன்று, நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றுப்போவதனால் என்பதைத் தெளிவுபடுத்தினார். சுடுவதும் குத்துவதும் தெரியாத கை காயமுறுகிறது. காயம் தெரியாமையாற் புண் பெருகுகிறது. நோவு என்பது உடலின் எச்சரிக்கை என்ற பேருண்மை நோவற்ற மனிதரிடமிருந்தே மருத்துவத்துக்குக் கிடைத்தது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

இலங்கையில் 1954இல் தொழுநோய் ஒழிப்பு இயக்கம் அமைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு டாப்சோன், ரிபாம்பிசின், குளோபாசிமின் ஆகிய மருந்துகளைச் சேர்த்தளிக்கும் கூட்டு மருந்து முறையை 1981இல் பரிந்துரைத்தது. 1983இல் அது நம் நாட்டுக்கு வந்தது. பல்லாண்டு மருந்துண்ட நிலை மாறி, ஆறு மாதம் அல்லது ஓராண்டு காலச் சிகிச்சை போதுமென்றாயிற்று. 1990களின் நடுவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளர் என்ற இலக்கை இலங்கை எட்டியது. நோய் அடியோடு மறைந்துவிடவில்லை; ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர். ஆயினும் அவர்களைத் தீவுக்கு அனுப்ப வேண்டிய தேவை எதுவும் இல்லை. அவர்கள் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்டு குணமடைகின்றனர்.

அவ்வாறாயின், மாந்தீவில் ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆயினர்? உடலிற் கிருமியில்லை, தடுத்துவைக்க நியாயமில்லை, வீடு திரும்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். திரும்புவதற்கு வீடு வேண்டும். மட்டக்களப்புப் பிரதேசத்தில் வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வது நெடுங்கால வழமை. மணமாகும் ஆடவன் மனைவியின் வீட்டிற் போய் வாழ்கிறான். பெற்றோரும் முதுமையிற் பெரும்பாலும் மகள்மாரின் பொறுப்பிலேயே வாழ்கின்றனர். இவ்வழமையை அறிந்தோருக்கு, இளமையில் நோயுற்று மணமின்றித் தீவுக்குச் சென்றவனுக்கு ஊரில் ஓர் உரிமைக் கூரைகூட எஞ்சியிராது என்பது விளங்கும். பெற்றோர் இறந்தபின் அவ்வீடு சகோதரியினுடையது. அவளுடைய பெண்மக்களுக்கு மணம் பேசுங்காலத்தில், மாந்தீவிலிருந்து மாமன் வந்திருக்கிறான் என்ற செய்தி எவ்வாறு வரவேற்கப்படும்? நோயைத் தீர்க்க மருந்து வந்தது. நோயின் பேரைத் தீர்க்க மருந்து வரவில்லை. ஆதலால் குணமடைந்த பின்னும் பலருக்குத் தீவே வீடாயிற்று, சக நோயாளரே சுற்றமாயினர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் தொகை சிறுத்தது; எஞ்சியவர்கள் முதியோராயினர்.

நம் நாட்டில் மட்டும் இது நிகழவில்லை. யப்பானில் தொழுநோயாளரைத் தனித்து வைக்கும் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. 2001இல் குமாமொத்தோ நீதிமன்றம் அச்சட்டத்தினால் இழைக்கப்பட்ட அநீதிக்கு அரசே பொறுப்பென்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்யாது இழப்பீடு வழங்கியது. எனினும் வெளியேற உரிமை பெற்ற முதியோரிற் பெரும்பாலோர் அங்கேயே தங்கினர். அவர்களின் இறுதிக்காலப் பராமரிப்பை அரசு ஏற்றுக்கொண்டது. இளமையைப் பறித்த சமுதாயம் முதுமைக்கேனும் பொறுப்பேற்க வேண்டும் என்ற நியாயம் அங்கே சட்டமாயிற்று. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் தொழுநோயினால் பாதிக்கப்பட்டோர்மீதான பாகுபாட்டை ஒழிப்பது பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது.

இம்முதியோருக்கு வேண்டியது யாது என்று சிந்திப்போமாக. கிருமி கொல்லும் மருந்து அவர்களுக்கு இனித் தேவையில்லை. உணர்ச்சியற்ற பாதத்துப் புண்ணை நாள்தோறும் கழுவிக் கட்டும் கை தேவை. இமை மூடாத கண்ணைக் காக்கும் கவனம் தேவை. நரம்பழற்சியின் வேதனையைத் தணிக்கும் மருந்து தேவை. விரலற்ற கையால் உண்ணத்தக்க கரண்டி தேவை. பெயர் சொல்லி அழைத்துப் பேச ஒரு மனிதன் தேவை. இறக்குந் தறுவாயில் தனித்திராமல் இருக்கத் துணை தேவை. இவற்றுள் ஒன்றேனும் நோயைத் தீர்ப்பதன்று. ஆனால் இவையின்றி வாழ்வு வாழ்வாகாது. நோவு தணிக்கும் பராமரிப்பு என்பதன் பொருள் இதுவன்றி வேறில்லை.

இக்கருத்தை மருத்துவத்தின் ஒரு துறையாக வளர்த்தவருள் முதன்மையானவர் இலண்டனின் சிசிலி சோண்டர்ஸ். தாதியாகவும், நோயாளர் நலன் பேணும் சமூக சேவையாளராகவும் பணிபுரிந்து, பின்னர் மருத்துவம் பயின்றவர் அவர். 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். மரணத்தை நோக்கிச் செல்லும் நோயாளனின் வேதனை உடலோடு நிற்பதன்று. மனம், குடும்பம், பொருள் நிலை, வாழ்வின் அர்த்தம் பற்றிய கலக்கம் யாவும் சேர்ந்த முழுநோவு அது என்றார். நோவு தாங்கமாட்டாமல் நோயாளன் அலறிய பின்னர் மோர்பின் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, நோவு திரும்புமுன்னரே மணிக்கணக்குப்படி அளந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இப்பராமரிப்பு சாவுப்படுக்கைக்கு மட்டும் உரியதென எண்ணுவது தவறு. இதயம் தளர்ந்தவர், சிறுநீரகம் பழுதுற்றவர், பாரிசவாதத்தில் வீழ்ந்தவர், நினைவு குன்றியவர் ஆகிய அனைவருக்கும், நோயைத் தீர்க்க முயலும் சிகிச்சையோடு கூடவே இது அளிக்கப்பட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு.

முன்னர் கூறிய நோவின் பிரச்சினைக்கு இனி மீள்வோம். நோவு எச்சரிக்கை என்பது மெய். ஆனால் எச்சரித்துப் பயனில்லாத இடத்தில், முற்றிய புற்றுநோயில், நோவு வெறும் சித்திரவதையே ஆகும். அதனை நீக்குதல் மருத்துவத்தின் கடமை. அதற்கான மருந்து புதியதுமன்று, விலை மிகுந்ததுமன்று. அபினிலிருந்து மோர்பின் பிரித்தெடுக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதே நூற்றாண்டில், இந்தியாவில் விளைந்த அபினைச் சீன மக்கள்மீது திணிப்பதற்காகப் பிரித்தானிய ஏகாதிபத்தியம் 1839இலும் 1856இலும் இரு போர்களைத் தொடுத்தது. இலாபத்துக்காக அபின் கடல் கடந்து சென்றது. நோவு தணிப்பதற்காக அது ஏழை நாடுகளுக்கு இன்றும் வந்து சேரவில்லை. லான்செற் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டில் உலகெங்கும் விநியோகிக்கப்பட்ட மோர்பின் வகை மருந்து ஏறத்தாழ 300 தொன். அதில் மிக வறிய நாடுகளுக்குக் கிட்டியது 0.1 தொன் மட்டுமே. பணக்கார நாடு ஒன்றில் இம்மருந்து மிதமிஞ்சி விற்கப்பட்டு மக்கள் அடிமையாகி மடிகின்றனர். வறிய நாடுகளில் அது இன்றி மக்கள் துடித்து மடிகின்றனர். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: மருந்தின் பங்கீட்டைத் தேவை தீர்மானிக்கவில்லை, சந்தை தீர்மானிக்கிறது.

நம் நாட்டில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இம்மருந்துகளைக் கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடு வேண்டியதே. ஆனால் கட்டுப்பாட்டின் அச்சம் கட்டிலருகே வந்து நிற்கலாகாது. மோர்பின் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று, சில வாரங்களே வாழக்கூடிய முதியவருக்கு அதனை மறுப்பதில் அறிவும் இல்லை, அறமும் இல்லை.

இன்றைய வாவிக்கரையை நோக்குவோம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர், அதன் பின்னர் அவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. முதியோரைப் பேணுவது மகள்மாரின் பொறுப்பு என்ற வழமையின் அடித்தளமோ ஆட்டங்கண்டுவிட்டது. வறுமையும் கடனும் உந்த, எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். அங்கே அந்நியரின் முதிய பெற்றோரைக் குளிப்பாட்டி ஊட்டும் கைகள் இங்கே சொந்தத் தாய்க்குக் கிடைப்பதில்லை. 2009 வரை நீடித்த போர் பல குடும்பங்களிற் பிள்ளைகளையே பறித்துவிட்டது. 2004இன் ஆழிப்பேரலை எழுவான்கரையின் குடிகளைச் சிதறடித்தது. இத்தகைய குடும்பத்தின் முதியவர் நோயுற்றால், அவருக்குத் துணையிருக்க ஆள் யார்?

தூரமும் ஒரு வேதனையாகவே இருந்துவந்துள்ளது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், படுவான்கரை நோயாளர் அத்துறையிற் 'பாதை'க்குக் காத்திருந்தே வாவியைக் கடந்தனர். புற்றுநோயாளர் நெடுங்காலம் முந்நூறு கிலோமீற்றர் கடந்து மகரகமைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே தமிழ் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டி தன் நோவின் தன்மையை, அது குத்தா, எரிவா, உளைச்சலா என்பதை, எவ்வாறு எடுத்துரைப்பாள்? நோவைத் தாய்மொழியில் எடுத்துரைக்க இயலாத இடத்தில் நோவு தணிப்பது எங்ஙனம்? மொழியுரிமை கச்சேரியோடும் நீதிமன்றத்தோடும் முடிந்துவிடுவதில்லை. அது நோயாளனின் கட்டில் வரை செல்ல வேண்டிய உரிமை.

இவை வறிய நாட்டுக்கு இயலாத ஆடம்பரங்கள் என்று கூறுவோர்க்கு நம் சரித்திரமே விடை தரும். 1931இல் சர்வசன வாக்குரிமை கிட்டியது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தபோது, சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். அக்காலம் முதல் வலுப்பெற்ற மக்களின் கோரிக்கையே இலவச வைத்திய சேவையாக உருப்பெற்றது. நாடு செல்வமடைந்த பின்னர் அது வழங்கப்படவில்லை. நாடு வறுமையில் இருந்தபோதே மக்கள் அதனைப் பெற்றனர். கடல் கடந்த கேரளமும் ஒரு சான்று. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில மருத்துவரும் தொண்டர்களும் தொடங்கிய நோவுதணிப்புச் சங்கம் ஊர்தோறும் பரவியது. 2008இல் கேரள அரசு அதனைக் கொள்கையாக ஏற்றது. உள்ளூராட்சி மன்றங்கள் வீடுதோறும் தாதியரை அனுப்பின. அயலவரின் புண்ணைக் கட்டவும் அவரோடு பேசியிருக்கவும் பயின்ற ஆசிரியரும் மாணவரும் தொழிலாளரும் அதன் முதுகெலும்பு.

இலங்கையிலும் ஏட்டளவில் குறைவில்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000இல் வந்தது. நோவுதணிப்புப் பராமரிப்பை ஒவ்வொரு நாட்டின் சுகாதார சேவையிலும் இணைக்க வேண்டுமென 2014இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்தது. அதற்கிணங்க 2019 முதல் 2023 வரைக்குமான தேசியத் திட்டம் ஒன்றும் நம் நாட்டில் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் காலம் கடந்துவிட்டது. வாவிக்கரை வார்டுகளில் கிடக்கும் முதியவருக்கு அதனால் நேர்ந்த மாற்றம் யாது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அவருடைய நோவு நாள்தோறும் கேட்டறியப்படுகிறதா? மோர்பின் மாத்திரை மாவட்டத்தின் சிறிய வைத்தியசாலை வரை செல்கிறதா? நோயின் உண்மை அவருக்கும் குடும்பத்துக்கும் புரியும் மொழியில் சொல்லப்படுகிறதா? தன் வீட்டிலேயே இறக்க விரும்புபவருக்கு அங்கே சென்று பார்க்கத் தாதி உண்டா? வீடே இல்லாதவருக்கு இடம் எது?

இவ்வினாக்களை எழுப்புவதும், விடை கிடைக்கும் வரை விடாது கேட்பதும் கருணையுள்ளம் படைத்த சிலரின் பணியென விட்டுவிடக் கூடியவையல்ல. தருமத்தில் அளிக்கப்படுவது தருபவர் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமையாக வென்றெடுத்ததே நிலைக்கும். உழைத்து ஓய்ந்த வயற்காரனும் மீனவனும் நெசவாளியும் ஆசிரியனும் தம் இறுதி நாட்களை நோவின்றியும், அவமதிப்பின்றியும், தம்மவர் நடுவிலும் கழிப்பது அவர்கள் உழைப்பினால் ஏற்கெனவே விலை கொடுத்துப் பெற்ற உரிமை. மாந்தீவில் வாழ்ந்து முதிர்ந்தவர்களுக்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டது. அவர்களுக்கு நாம் பட்ட கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. அதே அநீதி இன்று வார்டு வார்டாக, வாவியின் இரு கரைகளிலும், ஓசையின்றித் தொடருமாயின், அதற்கு அந்நிய ஆட்சியையோ ஒரு நூற்றாண்டுக்கு முந்திய சட்டத்தையோ நாம் காரணங்காட்ட முடியாது.